சகடு சேர்ந்த திங்கள்

கார்த்திகை மாத முன்னிரவில் கிழக்கே பார்த்தால், கொத்தாக மின்னும் அறுமீனுக்குக் கீழே ஒரு செம்மீன் தெரியும். பஞ்சாங்கத்தில் அதன் பெயர் ரோகிணி. செந்நிறத்தாள் என்று பொருள். ரிஷப ராசியில் ஒளி மிகுந்த மீன் அதுதான். சுமார் 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பழந்தமிழில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: சகடு.

சகடு என்றால் வண்டி. மயிலிறகு ஏற்றிய வண்டியைத் திருக்குறள் 'சாகாடு' என்கிறதே, அதுவும் இந்தச் சொல்லின் உறவுதான். நிகண்டுகளில் ரோகிணிக்கு வையம், பண்டி என்ற பெயர்களும் உண்டு. அவையும் வண்டியே.

ஒற்றை மீனில் வண்டி எங்கே வந்தது? செம்மீனோடு நின்றுவிடாமல் பக்கத்து மங்கல் மீன்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் குவிந்து மறுமுனையில் இரண்டாகப் பிரியும் உருவம் கிடைக்கும். பின்னால் அகன்று நுகத்தடிப் பக்கம் குவியும் வண்டிச் சட்டம் அப்படியே இருக்கிறது! உதிக்கும்போதும் மறையும்போதும் குவிந்த முனையே முன்னே போகிறது. பெயர் வைத்தவர்கள் உருவத்தை மட்டுமல்ல, ஓட்டத்தையும் கவனித்திருக்க வேண்டும். பாபிலோனியரும் கிரேக்கரும் இதே மீன்களில் காளையைக் கண்டார்கள். ரிஷபம் என்ற ராசிப் பெயர் அந்த வழி வந்தது.

வண்டி வடமொழியிலும் ஓடியது. ரோகிணியின் சகடத்தைச் சனி பிளந்து சென்றால் உலகுக்குக் கேடு என்று 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதினார். தமிழிலோ சகடு மங்கலச் சொல். அகநானூற்றின் 136ஆம் பாடலில் திங்கள் சகடத்தைச் சேரும் நல்ல நாளில் திருமணம் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலன் மணமும் அப்படிப்பட்ட நாளில்தான்.

'உரோகிணி'யும் பின்னால் வந்து புகுந்த பெயரல்ல. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேல் விதானத்தில் திங்களோடு உரோகிணியைத் தீட்டியிருக்கிறார்கள். கணவன் போர்ப் பாசறையில் இருக்க, பிரியாத அந்த இணையைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுகிறாள். இரண்டு பெயரும் ஒரே காலத்தில் வழங்கியவை. பஞ்சாங்கம் ஒன்றை வைத்துக்கொண்டது.

திங்கள் மாதந்தோறும் ரோகிணியைக் கடந்தாலும் ஒவ்வொரு முறையும் நெருங்குவதில்லை. அதன் பாதை சாய்வானது. அந்தச் சாய்வு 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று சுற்றுகிறது. சில ஆண்டுகள் மட்டும் திங்கள் வண்டிக்குள்ளேயே புகுந்து செம்மீனை மறைக்கும். 2015 முதல் 2018 வரை அப்படி மறைத்தது. அடுத்த வரிசை 2033இல் தொடங்கும்.