கிளாட் தேர்வு: ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டிய தயாரிப்பு - பெரம்பலூர், அரியலூர் பெற்றோர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ப்ளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் பகுதிப் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு வக்கீலுக்குப் படிக்க ஆசை, எங்கே சேர்ப்பது?" என்பார்கள். அந்த நேரத்தில் நம்மால் பாதி பதிலைத்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதிக்கான தேர்வு முந்தைய டிசம்பர் மாதமே நடந்து முடிந்திருக்கும். பிள்ளைக்குத் திறமை இருந்தும், தேதி தெரியாததால் மட்டுமே வாய்ப்பு கைநழுவுகிறது. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இரண்டு வழிகள்

ப்ளஸ் டூ முடித்தவர் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர நம் மாநிலத்தில் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழி. அதன் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி சேர்க்கை நடக்கிறது. அதில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்கு அருகில் இருப்பது 1979இல் தொடங்கப்பட்ட திருச்சி அரசு சட்டக் கல்லூரி. கட்டணமும் மிகக் குறைவு.

இரண்டாவது, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வழி. நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட இப்பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வை நடத்துகின்றன. 2008இல் ஏழு பல்கலைக்கழகங்களுடன் தொடங்கிய தேர்வு இது. பெங்களூரு, ஹைதராபாத் என்று தொலைவில் இருப்பவை மட்டும் இதில் இல்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் திருச்சி - திண்டுக்கல் சாலையில் நவலூர்க்குட்டப்பட்டில் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுதான். அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. அவற்றில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுக்கும் இடம் உண்டு. அந்த இடத்தைப் பெற கிளாட் எழுதியிருக்க வேண்டும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் 'ஐலெட்' என்ற தனித் தேர்வை நடத்துகிறது.

அரியலூர் மாவட்டத்தில் நுழைவுத் தேர்வு என்ற சொல்லே வலி தரக்கூடியது. குழுமூர் அனிதா ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும், நீட் தேர்வின் காரணமாக மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் பிரிந்தார். அந்த நினைவால் பல வீடுகளில் 'இன்னொரு நுழைவுத் தேர்வா?' என்ற அச்சம் எழுவது இயல்பு. ஆனால் சட்டப் படிப்பின் நிலை வேறு. கிளாட்டில் மதிப்பெண் குறைந்தாலும் முதல் வழி அப்படியே திறந்திருக்கும். அரசு சட்டக் கல்லூரியில் படித்தவரும் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் ஒரே வழக்கறிஞர் சட்டத்தின் கீழ்தான் பதிவு செய்கிறார்கள். ஒரே அகில இந்திய பார் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அச்சமில்லாமல் எழுதும் பிள்ளைதான் நன்றாக எழுதும்.

தேர்வு எப்போது?

2024, 2025, 2026 சேர்க்கைகளுக்கான கிளாட் தேர்வுகள் முறையே 2023 டிசம்பர் 3, 2024 டிசம்பர் 1, 2025 டிசம்பர் 7 ஆகிய ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. அதாவது, பிள்ளை ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே இத்தேர்வு வந்துவிடுகிறது. விண்ணப்பம் ஏறக்குறைய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தொடங்கி அக்டோபர், நவம்பர் வாக்கில் முடிகிறது. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருப்பவரே விண்ணப்பிக்கலாம். எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். ப்ளஸ் டூவில் குறைந்தது 45 விழுக்காடு, பட்டியலினத்தவர், பழங்குடியினர் எனில் 40 விழுக்காடு தேவை. உச்ச வயது வரம்பு இல்லை.

விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 4000 ரூபாயாகவும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3500 ரூபாயாகவும் இருந்தது. சிறிய தொகை அல்ல. ஆகவே பிள்ளை முதலில் ஒரு பழைய வினாத்தாளை வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

என்ன கேட்கிறார்கள்?

120 கேள்விகள், 120 நிமிடம், 120 மதிப்பெண். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் தேர்வு. ஐந்து பகுதிகள் இருக்கும்.

ஆங்கிலம்: 22 முதல் 26 கேள்விகள்
நடப்பு நிகழ்வுகள், பொது அறிவு: 28 முதல் 32
சட்டப் பகுத்தறிவு: 28 முதல் 32
தர்க்கப் பகுத்தறிவு: 22 முதல் 26
கணிதம்: 10 முதல் 14

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். நூறு கேள்விகளுக்கு விடையளித்து 80 சரி, 20 தவறு என்றால் கிடைப்பது 75. கணிதம் பத்தாம் வகுப்பு அளவுதான். விகிதம், சதவீதம், சராசரி, வரைபடம் படித்தல் போன்றவை. கலைப் பிரிவு மாணவர் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இத்தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. பெரும்பாலும் 450 சொற்கள் அளவுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, அதை ஒட்டியே கேள்விகள் கேட்கப்படுகின்றன. வேகமாகப் படித்து, சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் எழுதும் வசதி இல்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு உண்மையான தடை இதுதான். இந்தத் தடையை மூன்று மாதக் கோச்சிங் தாண்ட வைக்காது. தினசரி வாசிப்பு இரண்டு ஆண்டுகளில் தாண்ட வைக்கும். ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சட்டக் கேள்வி எப்படி இருக்கும்?

சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. சட்ட விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை ஒரு சம்பவத்தோடு பொருத்த வேண்டும். நம் ஊருக்கு ஏற்ப ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம்.

விதி: ஒருவர் தம் இடத்தில் ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒன்றைத் தேக்கி வைத்து, அது வெளியேறிப் பிறருக்குச் சேதம் செய்தால், அவர் கவனமாக இருந்திருந்தாலும் இழப்பீடு தர வேண்டும்.

சம்பவம்: அரியலூர் அருகே ஒருவர் தம் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழியில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார். கரையைப் பொறியாளரை வைத்து நன்றாகக் கட்டியிருக்கிறார். இருந்தும் கரை உடைந்து பக்கத்துப் பருத்திக் காடு மூழ்குகிறது. அவர் பொறுப்பாவாரா?

"பாவம், அவர் கவனமாகத்தானே இருந்தார்" என்று நினைக்கும் மாணவர் தவறான விடையைத் தேர்ந்தெடுப்பார். விதி கவனத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே அவர் பொறுப்பாவார். நம் இரக்கத்தையும் கோபத்தையும் முன்பே தெரிந்ததையும் ஒதுக்கிவிட்டு, கொடுக்கப்பட்ட விதியை மட்டும் பொருத்துவதே இப்பகுதியில் வேண்டிய பயிற்சி.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. கியாஸில் அஸ்ல் எது, அதன் இல்லத் எது, அந்த இல்லத் புதிய மஸ்அலாவில் இருக்கிறதா என்று பார்த்துத்தானே ஹுக்ம் சொல்கிறோம்? அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் கைவந்தால் சட்டப் பகுதியும் தர்க்கப் பகுதியும் எளிதாகும், இன்ஷா அல்லாஹ்.

இரண்டு ஆண்டுத் திட்டம்

ப்ளஸ் ஒன் ஜூன் முதல்: ஆங்கில நாளிதழில் தினம் ஒரு தலையங்கம், ஒரு செய்தி. முதல் மாதம் ஒரு தலையங்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். பரவாயில்லை. தெரியாத சொற்களை நோட்டில் எழுதி, 'எழுதியவர் என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் தருகிறார்' என்று இரண்டு வரி எழுத வேண்டும். வீட்டில் நாளிதழ் வாங்க முடியாதவர்கள் நூலகத்தைப் பயன்படுத்தலாம்.

நமக்கு நெருக்கமான செய்தியையும் இதே முறையில்தான் படிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு வக்ஃப் திருத்தச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அச்சட்டத்தின் சில பிரிவுகளை மட்டும் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. எவற்றை நிறுத்தியது, எவற்றை நிறுத்தவில்லை, இரு தரப்பும் வைத்த வாதங்கள் என்ன என்று எழுதிப் பார்க்கும் பிள்ளை தேர்வுக்கும் தயாராகிறது, சமுதாயத்துக்கும் பயன்படுகிறது.

ப்ளஸ் ஒன் கோடை விடுமுறை: பத்தாம் வகுப்புக் கணக்குகளைத் திரும்பப் பார்ப்பது, தர்க்கக் கேள்விகளைப் பழகுவது.

ப்ளஸ் டூ ஜூலை: விண்ணப்பம். தேர்வை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் முந்தைய வினாத்தாள்களும் மாதிரித் தாள்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆகஸ்ட் முதல் நவம்பர்: வாரம் ஒரு முழுத் தாள், கடிகாரம் வைத்து, இரண்டு மணி நேரம். எழுதி முடித்தபின் தவறிய ஒவ்வொரு கேள்வியும் ஏன் தவறியது என்று பார்க்க அதே அளவு நேரம் செலவிட வேண்டும். மதிப்பெண் கூடுவது இங்கேதான்.

டிசம்பருக்குப் பிறகு: முழுக் கவனமும் பொதுத் தேர்வுக்கு. முதல் வழிக்கு அந்த மதிப்பெண்தான் ஆதாரம்.

ஆலிம் பிள்ளைகள் கவனிக்க

பலரும் ஏமாந்துபோகும் இடம் இது. மதரஸா தரும் ஸனதை மட்டும் வைத்துச் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பத்தாம் வகுப்பும் ப்ளஸ் டூவும் எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவரும் சேர முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் அதை ஏற்பதில்லை. ஆனால் ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராகவோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முறைப்படி முடித்தவர் கிளாட் எழுதலாம். அதன்பின் அஞ்சல் வழியில் பட்டம் பெற்றிருந்தாலும் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம். அந்தந்த ஆண்டு விதிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. பிள்ளையை ஹிஃப்ழுக்கோ ஆலிம் வகுப்புக்கோ சேர்க்கும் பெற்றோர், கூடவே பத்தாம் வகுப்பையும் ப்ளஸ் டூவையும் வரிசை மாறாமல் எழுத வையுங்கள். இடையில் ஒரு படி விட்டுப்போனால் பின்னாளில் பட்டம் கையில் இருந்தும் கதவு திறக்காது.

சான்றிதழும் செலவும்

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் இடம் கேட்பவர்கள், தங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் மதிப்பெண் சான்றில் வேறு விதமாகவும் இருப்பது வழக்கம். முஹம்மது, முகமது, முகம்மது என்று ஆங்கில எழுத்துகள் மாறிக் கிடக்கும். விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு லட்சக் கணக்கில் ஆகும். வட்டிக் கடன் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் முதலில் உதவித்தொகைகளைத் தேட வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் உண்டு. அவ்வாறு சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. வசதியற்ற பிள்ளைகளுக்குக் கிளாட் பயிற்சி தருவதற்காகவே சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் 'இடியா' அமைப்பைத் தொடங்கினார். கேரளத்தைச் சேர்ந்த அவர் 2019இல் காலமானார். அமைப்பு தொடர்ந்து இயங்குகிறது. அதை அணுகிப் பார்க்கலாம்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

வக்ஃப் நிலம், வாரிசுப் பங்கு, தலாக், வளைகுடா வேலை ஒப்பந்தம் என்று நம் ஜமாஅத்துக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை சட்டத்தோடு தொடர்புடையவை. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டு உழைப்பால் வீடுகள் உயர்ந்திருக்கின்றன. அந்த உழைப்பைக் காக்கும் சட்ட அறிவும் அதே ஊர்களிலிருந்து வர வேண்டும்.

பெண் பிள்ளைகளையும் இதில் தயங்காமல் ஊக்குவிக்க வேண்டும். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர் ஃபாத்திமா பீவி. நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். கம்பராமாயண அறிஞராகவும் போற்றப்பட்டவர்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஜூன் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, ப்ளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளையும் பெற்றோரையும் பத்து நிமிடம் உட்கார வைத்து இத்தேர்வைப் பற்றிச் சொன்னால் போதும். பள்ளிவாசல் கட்டடத்தில் ஓர் ஆங்கில நாளிதழும், ஒரு மேசையும், பழைய வினாத்தாள்களின் நகல்களும் வைக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு பைத்துல்மாலிலிருந்து உதவலாம். மே மாதத்தில் கேட்கப்படும் கேள்வி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கேட்கப்பட்டால், நம் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கும். அல்லாஹ் அவர்களின் முயற்சியை எளிதாக்குவானாக.