கலிலேயா ஏரியின் பழந்துறைகள்

நற்செய்தியில் நாம் கடல் என்று வாசிக்கும் கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர்; அகலம் கூடியமட்டும் 13. கடல் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே, குன்றுகள் சூழக் கிடக்கிறது. குன்றுகளினின்று திடீரெனக் காற்று இறங்கினால் திறந்த கரையில் கட்டிய படகு தப்பாது. ஆகவே கரையூர்களுக்குத் துறை இன்றியமையாததாயிற்று. ஆயினும் அத்துறைகள் பலவும் நெடுங்காலம் நீருக்குள் மறைந்தே கிடந்தன.

அவற்றைத் தேடிக் கண்டவர் ஒரு மீனவர். எய்ன் கெவ் என்னும் கூட்டுக் குடியிருப்பில் வாழ்ந்த மெண்டல் நூன், ஏரி வற்றிய காலங்களில் கரையோரமாக நடந்து, பதினைந்துக்கு மேற்பட்ட துறைகளை அடையாளம் கண்டார். மற்றவர்க்கு வெறும் கற்குவியலாய்த் தோன்றியது அவருக்கு அலைதடுப்புச் சுவராகத் தெரிந்தது. எரிமலைப் பாறையின் கருங்கற்களை வளைத்து அடுக்கி, படகு நுழைய மட்டும் வாய் விட்டிருந்தார்கள். கல் நங்கூரங்களும், வலையில் கட்டும் கற்களும் ஏராளமாய்க் கிடைத்தன. வலை பிடித்த கைக்கே இந்த அறிவு வாய்க்கும் என்பது நம் எண்ணம்.

துறைகளில் ஒன்று மகதலா. அதையே கிரேக்கர் 'தரிக்கேயே' என்று வழங்கினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் இடம் என்பது பொருள். ஒருமுறை தாம் அவ்வூரில் 230 படகுகளைத் திரட்டியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். 1970-களில் பிரான்சிஸ்கன் துறவியர் இங்கே அகழ்ந்தனர். பின்னர் நடந்த அகழ்வில் படகுத்துறைச் சுவரும், கயிறு கட்டும் துளைக்கற்களும் வெளிப்பட்டன. 2009-இல் முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்றும் கிடைத்தது.

1986 சனவரியில், கடும் வறட்சியில், கினோசார் கரைச் சேற்றில் பழம்படகு ஒன்றைக் கண்ட சகோதரர் இருவரும் மீனவரே. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல்; ஏறத்தாழ இயேசுவின் காலத்தது. இதை 'இயேசுவின் படகு' என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. அந்தப் படகு மீனவரின் வறுமையைச் சொல்கிறது, அதுவே நமக்குப் போதும். பலகைகள் பெரும்பாலும் கேதுரு; ஒட்டுப்போட்டவற்றையும் சேர்த்தால் பத்துக்கு மேற்பட்ட மரவகைகள். அடிமரத்தின் ஒரு பகுதியோ வேறொரு பழைய படகிலிருந்து எடுத்தது. இனிப் பழுது பார்க்க முடியாது என்றான பின், பாய்மரத்தைத் தாங்கும் கட்டை முதலாகப் பயன்படக்கூடியவற்றையெல்லாம் கழற்றிக்கொண்டு, வெறும் கூட்டை நீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.