ஆல்டர்னேட்டரும் பல வோல்ட் பேட்டரிகளும்

1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அப்போதும் மின்னேற்றியது டைனமோதான். என்ஜின் மெதுவாக ஓடினால் அதற்குத் திராணி போதாது. ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் சிலிக்கான் டயோடு கைக்கெட்டும் விலைக்கு வந்ததும், 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. இதன் அருமை சுழலியில் இருக்கிறது. சுழலிச் சுருளில் பாயும் சிறு மின்னோட்டமோ சுழலும் வேகமோ கூடினால் வோல்ட்டும் கூடும். அதைச் சுமார் 14 வோல்ட்டில் பிடித்து நிறுத்துவது ரெகுலேட்டர் மட்டுமே. இதை உணர்ந்த பட்டறைக்காரர்கள் ரெகுலேட்டரை விலக்கி, கையால் திருகும் மின்தடையால் சுருளின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினர். 12 வோல்ட்டுக்குச் செய்த ஆல்டர்னேட்டரே 24, 36 வோல்ட் பேட்டரி அடுக்குகளுக்கும் மின்னேற்றியது. வோல்ட் கூடக்கூட வேகமும் கூட வேண்டும், டயோடுகளும் தாங்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே பேட்டரி இணைப்பு கழன்றால், திடீரென எகிறும் மின்னழுத்தம் டயோடுகளைக் கருக்கிவிடும்.