நெய்யாற்றங்கரைச் சீமையின் தேகப்பயிற்சி வரலாறு

வைகறைப் பொழுதில் நம் காலனிச் சாலைகளை நோக்குவார்க்கு இன்று ஒரு புதிய காட்சி தென்படுகின்றது. தலைக்கவசம் அணிந்த இளைஞர்களும், அவர்களைக் கண்டு ஆர்வங்கொண்ட நடுவயதினரும், சைக்கிள் ஏறிப் பல கிலோமீட்டர் சென்று திரும்புகின்றனர். மாலையானால் அவர்களே ஜிம்முக்குச் சென்று இரும்பு எடை தூக்குகின்றனர். இருவர் எதிர்ப்பட்டால், "நலமா?" என்று கேட்டுக்கொண்ட காலம் போய், "எத்தனை கிலோ குறைந்தது?" என்று கேட்டுக்கொள்ளுங் காலம் வந்திருக்கின்றது. இதனை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும் இப்பயிற்சி யாவும் மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்தவை என்று நம் பிள்ளைகள் எண்ணுவதைக் கேட்கும்போது மட்டும் உள்ளம் ஒப்பவில்லை. நம் காலனியில் வாழும் குடும்பங்களுள் பல, பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை ஆகிய எல்லையூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவை. அவற்றுள் பலவற்றில் பாட்டனோ, பாட்டனின் தமையனோ, "அடிமுறை படித்தவர்" என்று பேர் பெற்ற ஒருவர் இருந்திருப்பார். அவர் படித்தது யாது, அஃது எங்கே போயிற்று என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்சென்றால் களியக்காவிளை எல்லை வரும். 1979-இல் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கும்வரை இச்சாலை ஒன்றே இப்பகுதிக்குப் பெருவழி. பனையேறுவோரும், தறியில் காலும் கையும் ஓயாதோரும், வயலில் இறங்குவோரும் வாழ்ந்த சீமை இது. விசாகந் திருநாள் மகாராசா (1880–1885) மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தபின், அக்கிழங்கும் மீனுமே ஏழையின் உணவாயின. நாள்தோறும் பல பனைகள் ஏறி இறங்குபவனுக்கு எடை குறைக்கும் வழியை எவரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கு உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைத்துக் களைத்தவனும் அந்தியில் களரிக்குச் சென்றான் என்பதிலேதான் இவ்வரலாறு தொடங்குகின்றது.

பயிற்சியின் தொன்மைக்குச் சான்று வெகுதொலைவில் இல்லை. பாறசாலைக்குத் தெற்கே, முஞ்சிறையை அடுத்துள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் ஒரு கோயிலும், 95 சட்டர்கள் பயிலுதற்குரிய சாலையும் நிறுவியதைத் தமிழ்ச் செப்பேடு கூறுகின்றது. அச்சாலையின் விதிகளுள் ஒன்று, ஆயுதத்தால் பிறரைக் காயப்படுத்தும் மாணவனுக்கு அபராதம் விதிக்கின்றது. வேதம் ஓதும் மாணவனுக்கு ஆயுதம் எதற்கு? அங்கே படைப்பயிற்சியும் இருந்தது என்று அறிஞர் சிலர் இதனின்றும் துணிவர். அவர் துணிபு பொருத்தமுடையதே என்பது நம் கருத்து.

களரி என்றதும் வடமலபார்ப் பயிற்சியையே பலர் நினைக்கின்றனர். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட குழி, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை, பயிற்றுவிக்கும் குருக்கள் என அதன் அமைப்பு வேறு. அங்கே மெய்ப்பயிற்சி முதலில், பின்னர் கோல், பின்னர் வாளும் கேடயமும், வெறுங்கைப் போர் இறுதியில். நம் தென்முறையோ இதனைத் தலைகீழாகக் கொண்டது. வெறுங்கையே இங்கு முதற்பாடம். குழி தோண்டும் வழக்கம் பெரிதும் இல்லை. தென்னந்தோப்பிலோ வீட்டு முற்றத்திலோ திறந்த வெளியே களரி. பயிற்றுவிப்பவர் குருக்கள் அல்லர், ஆசான். வடமுறையார் பரசுராமரை முதற்குருவாகப் போற்ற, தென்முறையார் அகத்தியரைப் போற்றுவர். நெய்யாறு தோன்றும் அகத்தியர் மலை கிழக்கே நிற்க, இம்மக்கள் வேறெவரை நினைப்பர்!

மாணவன் முதலில் ஒற்றைச்சுவடு பயில்வான். தன்னந்தனியாகக் கால்வைப்பும் கைவீச்சும் பழகுவது அது. பின்னர் ஓர் எதிராளியோடு இணைந்து கூட்டச்சுவடு. அதன்பின் குறுவடி, நெடுவடி, கத்தி. முழங்கால் மடித்துத் தாழ்ந்து நின்று, அந்நிலையிலிருந்தே பாய்ந்து, திரும்பி, மீண்டும் தாழ்தல் என்பதை ஒரு நாழிகை செய்து பார்த்தவர்க்கு அதன் கடுமை விளங்கும். தொடையும் இடுப்பும் உருகித் தேறும். இரும்பு ஒரு பலமும் இல்லை. தன் உடம்பே தனக்குப் பாரம். ஆடி மாதத்து மழைக்காலத்தில் எண்ணெயிட்டு உடம்பு தடவுதலும், பத்திய உணவும் சேரும். இக்காலத்து ஜிம்மில் உடற்பயிற்சிக்கு ஒருவர், உணவுக்கு ஒருவர், தசைப்பிடிப்புக்கு ஒருவர் என மூவரிடம் கட்டணம் கட்டிப் பெறுவதை ஒரே ஆசான் தந்தார்.

அந்த ஆசானிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. தென்முறையின் உயிர்நாடி அதுவே. உடம்பில் அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு நேரும் இடங்களை வர்மம் என்பர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது இம்மரபின் கணக்கு. வடமொழிச் சுசுருதம் 107 என எண்ணும். எண் ஒன்றே வேறுபட்டாலும் நோக்கு பெரிதும் வேறு. சுசுருதர் அறுவை செய்பவனை "இங்கே கத்தி படாதே" என்று எச்சரிக்கின்றார். வர்ம ஆசானோ, அவ்விடத்தில் அடித்தால் யாது நேரும் என்பதையும், நேர்ந்ததை எப்படி இளக்கி மீட்பது என்பதையும் ஒருங்கே கற்கின்றார். மீட்கத் தெரியாதவனுக்கு அடிக்கக் கற்பித்தலாகாது என்பது ஆசான்மாரின் கட்டுப்பாடு. பல்லாண்டு அருகிருந்து, குணம் அறியப்பட்ட மாணவனுக்கே வர்மம் சொல்லப்பெறும். பனையிலிருந்து விழுந்தவனும் எலும்பு முறிந்தவனும் ஆசான் வீட்டு வாயிலுக்கே தூக்கி வரப்பட்டனர். களரி மாலையில் போர்க்கூடம், காலையில் மருத்துவமனை.

இவ்வர்ம நூல்கள் எம்மொழியில் உள்ளன? தமிழில். பனையோலையில் எழுதப்பட்ட தமிழ்ச் செய்யுட்கள். மலையாளமே வீட்டுமொழியாகிய குடும்பங்களிலும் ஆசான்மார் தமிழ் ஏட்டையே ஓதினர். 1976 முதல் திருவனந்தபுரத்தில் தங்கிக் களரி பயின்று 1998-இல் அதுபற்றி விரிவான நூல் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் சரில்லி, தென்முறையின் ஏடுகள் தமிழில் இருப்பதைக் குறித்துள்ளார். அயல்நாட்டார் ஒருவர் குறித்த பிறகே நம்மவர் சிலர் இதனை நம்பினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசியல் வரலாற்றை விரைந்து கடப்போம். மார்த்தாண்ட வர்மர் பகைவர்க்குத் தப்பி மறைந்ததாகச் சொல்லப்படும் பலாமரமாகிய அம்மச்சிப் பிலாவு, நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் போற்றப்படுகின்றது. ஓடவும் மரப்பொந்தில் ஒடுங்கவும் அரசனுக்கும் உடல் வணங்க வேண்டியிருந்தது! அவரே 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்று, பிடிபட்ட டிலனாயைக் கொண்டு உதயகிரியில் படையைப் புதுமுறையில் பழக்கினார். துப்பாக்கியும் அணிவகுப்பும் வந்தன. களரிக்கு அரண்மனையில் இருந்த இடம் சுருங்கிற்று. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி வீழ்ந்தபின் படைகள் கலைக்கப்பெற்றன. மக்களிடமிருந்த ஆயுதங்களும் களையப்பெற்றன. வாள் போயிற்று; வெறுங்கையை யார் பறிப்பது? வெறுங்கையை முதற்பாடமாகக் கொண்ட தென்முறை முற்றத்திலும் தோப்பிலும் பிழைத்துக் கிடந்ததற்கு இஃது ஒரு காரணமாதல் கூடும்.

இனி, இச்சீமையில் உடல்வலிமை எதற்குப் பயன்பட்டது என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி. அக்காலத்து நெய்யாற்றின்கரைத் தாலுக்காவைச் சார்ந்த வெங்ஙானூரில், 1863-இல் புலையர் குடியிற் பிறந்தவர் அய்யங்காளி. அம்மக்கள் பொதுச்சாலையில் நடத்தலாகாது, சந்தைக்குள் புகலாகாது, பிள்ளைகள் பள்ளி வாயிலை மிதிக்கலாகாது என்றிருந்த காலம். அய்யங்காளி இளைஞரைத் திரட்டினார். மனு எழுதுவதற்கு முன்னர் அவர்களுக்கு அடிதடை கற்பிக்க ஏற்பாடு செய்தார். அடிதடை என்பது நாம் மேலே கூறிய தென்முறைக்கே மற்றொரு பெயர். 1893-இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கி, இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, வெள்ளாடையும் தலைப்பாகையும் அணிந்து பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். தடுத்தோர் உளர், அவர் வண்டியை நிறுத்தினாரில்லை. 1898-இல் அவரும் தோழரும் நடந்து சென்றபோது பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் தடுக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது. அடி வாங்கினர், திருப்பியும் அடித்தனர். சில ஆண்டுகளில் திருவிதாங்கூரின் பல சாலைகள் அவர்களுக்குத் திறந்தன. இன்று தலைக்கவசம் அணிந்த நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் சென்று சைக்கிள் மிதிக்கும் பாலராமபுரச் சாலை அதுதான். உருளையேறிச் செல்லும் உரிமைக்குப் பின்னால் இத்தனை தசைவலி இருந்தது என்பதை அவர்கள் அறிதல் நன்று. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்று வீதியில் இறங்கியதை நாம் இதன் தொடர்ச்சியாகவே காண்கின்றோம்.

மேனாட்டுக் கடன் என்ற பேச்சுக்கு வருவோம். தமிழகத்துப் பயில்வான்கள் சுழற்றிய கர்லாக்கட்டையும், வடநாட்டு மல்லரின் முத்கரும் ஆங்கிலேயரின் கண்ணில் பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் "இந்தியக் கட்டை" என்னும் பெயரோடு ஐரோப்பிய, அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் சென்றன. 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களிலும் கட்டை சுழற்றுதல் இடம்பெற்றது. அங்கிருந்து பளுத்தூக்கும் கலை நமக்கு வந்தது, பெங்களூர் கே. வி. ஐயர் போன்றோர் அதனோடு சூரிய நமஸ்காரத்தையும் ஆசனங்களையும் இணைத்துப் புகழ் பெற்றனர். கொண்டதும் கொடுத்ததும் இரு பக்கமும் உண்டு.

1956 நவம்பர் முதல் நாள் எல்லைக்கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி முதலானோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. நிலத்தைப் பிரித்ததைப் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். ஒரு கலைக்கு இரண்டு பெயர் வந்ததைப் பற்றி எழுதியோர் குறைவு. களியக்காவிளைக்கு இப்பால் அது "தெக்கன் களரிப்பயற்று". அப்பால் "அடிமுறை", "வர்மக்கலை". 1958-இல் தோன்றிய கேரளக் களரிப்பயற்றுச் சங்கத்தின் பந்தயங்களிலும், 2022-இல் அரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் களரிப்பயற்று மேடையேறிற்று. தமிழ்ப் பக்கத்திலோ "இந்தியன்" (1996) படத்தில் முதியவர் விரலால் ஆளை வீழ்த்தியதும், "பட்டாஸ்" (2020) படத்தில் அடிமுறை காட்டப்பெற்றதும் புகழுக்கு வழியாயின. திரையில் அடி உண்டு, இளக்குமுறை இல்லை. பாதிக் கலையே அங்குக் காட்டப்படுகின்றது.

இக்கலையின் தேவை நீங்கிவிட்டதோ என்று நோக்கினால், அங்ஙனம் இல்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, கேரளத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகின்றது. நாடு முழுவதும் நோக்க அது 11.4. பனையேறிய பாட்டன் தின்ற அதே அளவு மரச்சீனியை, நாற்காலியில் அமர்ந்திருக்கும் பேரன் தின்பதன் விளைவு இது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கும். ஒரு மணி நேரச் சைக்கிளில் சில நூறே செலவாகும். ஆகவே சைக்கிள் மட்டும் போதாது, இலையிலும் கை வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரு நாளேனும் தசைக்குப் பாரமும். மூச்சிரைக்கும் ஓட்டமும் தசைக்குரிய பாரமும் ஒருங்கே அமைந்த சுவடுப் பயிற்சி, இதற்குக் குறைந்ததன்று.

ஆனால் ஏடுகளின் நிலை கவலைக்குரியது. மலையாளப் பள்ளியில் பயின்ற பேரனுக்குப் பாட்டனின் தமிழ் ஏடு வெறும் ஓலை. எல்லைக்கு அப்பாலுள்ள பேரன் எழுத்தறிவான். ஏடு அவனிடம் இல்லை. நம் காலனிப் பிள்ளைகளுக்கோ இரண்டும் இல்லை. ஓலையைப் பூச்சி அரிக்கின்றது. ஆசான் இறந்த வீட்டில் அது பரணில் கிடந்து, வீடு இடிக்கும் நாளில் குப்பையோடு போகின்றது.

வரும் விடுமுறையில் ஊர் செல்லும் உறுப்பினர்கள் தம் பழைய வீட்டுப் பரண்களையும் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஏடு ஏதும் இருப்பின் எண்ணெயோ மஞ்சளோ தாமாகப் பூச வேண்டா. கட்டையும் அவிழ்க்க வேண்டா. திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமும் சுவடி நூலகமும் உள்ளது. பேணும் முறையை அங்குக் கேட்டறியலாம். சங்கச் செயலாளரிடம் தெரிவித்தால், காலையில் சைக்கிள் செல்லும் நம் இளைஞருள் இருவர் வீடுவீடாக வந்து, ஏட்டைத் தொடாமலே பட்டியல் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.