ஓஎல்இடி கணினித் திரை

ஓஎல்இடி கணினித் திரை என்பது மின்னோட்டம் பாயும்போது ஒளியை உமிழும் கரிமச் சேர்மங்களைக் கொண்டு அமைக்கப்படும் கணினித் திரை ஆகும். எல்சிடி எனப்படும் நீர்மப் படிகத் திரையில் பின்னொளியைப் படிகங்கள் மறைத்தும் விடுத்தும் படத்தை உருவாக்குகின்றன. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்கிறது. இதன் சிறப்புகளும் குறைகளும் பெரும்பாலும் இப்பண்பிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கரிம ஒளியுமிழ் இருமுனையம் பற்றிய ஆய்வை ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் 1987 இல் வெளியிட்டனர். 2022 இல் டெல் நிறுவனம் 34 அங்குல ஏலியன்வேர் விளையாட்டுத் திரையை வெளியிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2024 இல் ஓஎல்இடி திரை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. கைபேசி, கைக்கடிகாரம் போன்றவற்றுக்கான திரைகள் இதன் நோக்கமாகும்.

வகைகள்

* வெள்ளை ஓஎல்இடி: வெள்ளை ஒளி நிற வடிப்பான்கள் வழியே செல்கிறது. எல்ஜி டிஸ்பிளே தயாரிக்கிறது.
* குவாண்டம் புள்ளி ஓஎல்இடி: நீல ஒளியைக் குவாண்டம் புள்ளிகள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. சாம்சங் டிஸ்பிளே தயாரிக்கிறது. வெளிச்சம் மிகுந்த அறையில் இதன் கருமை சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரியும்.

ஒப்பிட வேண்டிய கூறுகள்

* கருமை: படப்புள்ளி முற்றிலும் அணைவதால் இருண்ட காட்சிகள் தெளிவாக இருக்கும்.
* புதுப்பிப்பு வீதம்: 60 ஹெர்ட்சில் ஒரு படம் 16.7 மில்லிநொடியும், 240 ஹெர்ட்சில் 4.2 மில்லிநொடியும் நிற்கும். கணினியின் வரைகலை அட்டை அதற்கு ஈடாகப் படங்களை உருவாக்காவிடின் முழுப் பயன் கிட்டாது.
* ஒளிர்வு: விளம்பரங்களில் காணப்படும் சதுர மீட்டருக்கு 1000 கேண்டெலா போன்ற அளவுகள் திரையின் சிறு பகுதிக்கே பொருந்தும். முழுத் திரையும் வெண்மையானால் பல திரைகளில் இது ஏறத்தாழ 250 ஆகக் குறையும்.
* எழுத்துத் தெளிவு: துணைப் படப்புள்ளிகளின் அமைப்பால் எழுத்துகளின் ஓரத்தில் நிறக்கசிவு தோன்றலாம். 27 அங்குலத்தில் 2560×1440 திரையைவிட 3840×2160 திரையில் இது குறைவு.

நிலைப்பதிவு

கரிமச் சேர்மங்கள் ஒளிருந்தோறும் தேய்கின்றன. பணிப்பட்டை, மதிப்பெண் பலகை போன்ற அசையாப் படங்கள் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் அவ்விடம் சீரின்றித் தேய்ந்து நிலையான தடம் ஏற்படும். இது ‘பர்ன்-இன்’ எனப்படும். இதனைக் குறைக்கும் சீரமைப்புப் பணியைத் திரை காத்திருப்பு நிலையில் தானே செய்துகொள்கிறது. பயன்படுத்தியவுடன் சுவரிலுள்ள மின்விசையை அணைத்தால் இப்பணி நடைபெறாது. சில நிறுவனங்கள் இக்குறைபாட்டிற்கு 3 ஆண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. இது நாட்டுக்கு நாடு வேறுபடும். நாள் முழுதும் நிரல் எழுதவோ கணக்குப் பதியவோ பயன்படும் கணினிக்கு நீர்மப் படிகத் திரையே பொருத்தமானது.