ஆஸ்பத்திரியில் எடுக்கும் படம்: நோயாளியின் ஒப்புதல் எங்கே தேவை?

மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளியின் உடலை, அவருக்குத் தெரியாமல் டாக்டர் படம் எடுக்கலாமா? எடுக்கக் கூடாது என்று மலேசிய நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. பினாங்கு உயர்நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கின் தீர்ப்பு 2011-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது.

வழக்குத் தொடுத்தவர் மூல நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண். மயக்கத்தில் இருந்தபோது தம் ஆசனவாய்ப் பகுதியை டாக்டர் படம் எடுத்தார் என்பது, பின்னர் மிஸ்ஸி ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வந்தது. சிகிச்சை நேரத்தில் படம் எடுப்பது மருத்துவத்தில் வழக்கமானது, படத்தை வைத்து ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியாது, படம் எங்கும் வெளியாகவும் இல்லை என்று டாக்டர் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மருத்துவக் காரணத்துக்காகப் படம் எடுப்பது வழக்கமாகவே இருந்தாலும், நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். படம் வெளியே போகவில்லை என்பதால், கேட்காமல் எடுத்தது சரியாகிவிடாது. ஒரு பெண்ணின் மானத்தையும் கண்ணியத்தையும் காக்கும் அந்தரங்கம் அவரது அடிப்படை உரிமை என்று தீர்ப்புக் கூறியது.

இந்தத் தீர்ப்புக்கு முன் நிலைமை வேறு. அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக மட்டும் இந்நாட்டில் வழக்குப் போட முடியாது என்று 2004-இல் ஓர் உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகளின் படம் விளம்பரத்தில் வந்தது பற்றிய வழக்கு அது. 2003-இல் ஒரு சோதனை நடவடிக்கையில் பிடிபட்ட பெண் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தபோது ரேலா உறுப்பினர் ஒருவர் படம் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு 100,000 ரிங்கிட் இழப்பீடு கிடைத்தது. படம் எடுத்தவர் மட்டுமல்ல, அவரைப் பணியில் வைத்திருந்த தரப்பினரும் பொறுப்பு என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அடுத்து, வழக்கறிஞர் சிவராசா ராசையா வழக்கறிஞர் மன்றத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் அதில் எழுதினார். பினாங்கு நோயாளிக்கு இத்தனை பேரின் வழக்குகள் பாதை போட்டுக் கொடுத்திருந்தன.

படம் ஏன் தேவைப்படுகிறது?

மற்ற மருத்துவத் துறைகளைவிட ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சையில், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரியில், கேமராவுக்கு வேலை அதிகம். சர்க்கரை அளவை எண்ணால் எழுதிவிடலாம். உதடு எவ்வளவு பிளந்திருந்தது, தீக்காயத் தழும்பு கழுத்தை எப்படி இழுத்துப் பிடித்தது என்பதைப் படம்தான் காட்டும். சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று என ஒரே கோணத்தில் எடுத்துவைத்தால்தான் முன்னேற்றத்தை ஒப்பிட முடியும்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமாக்காரர் மூக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேறு மாதிரி. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வெந்தவர், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் முகம் சிதைந்தவர், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தை, மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மார்பைச் சீரமைக்க வருபவர் என்று பட்டியல் நீளும். காது குத்திய இடத்தில் கொழுக்கட்டை போலத் தழும்பு வளர்வதும் உண்டு. கீலாய்ட் எனப்படும் இது கருமையான தோலில் அதிகம் வரும்.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே ஒரு நோயாளியின் படத்துக்கு இடம் உண்டு. ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்ற மராட்டியரின் மூக்கை மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். பூனாவில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் அவரது நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ 1794 அக்டோபர் இதழில் அவருடைய பெயர், முகம், நெற்றியிலிருந்த வடு எல்லாம் அச்சாயின. இந்திய முறையைப் பின்பற்றி லண்டனில் ஜோசப் கார்ப்யூ 1814-இல் அதே அறுவை சிகிச்சையைச் செய்தார். உலகம் முழுக்க மூக்குச் சீரமைப்புப் பரவ அந்தப் படம் உதவியது, மறுக்க முடியாது. அதில் இருந்தவர் வண்டிக்காரர், படத்தைப் பார்த்தவர்கள் லண்டன் கனவான்கள் என்பதையும் மறக்க முடியாது.

ஒரு கையெழுத்தில் நான்கு அனுமதி

‘மருத்துவப் படம்’ என்ற ஒரே சொல்லில் பல வேறு காரியங்கள் அடங்கிவிடுவதுதான் சிக்கல். முதலாவது, நோயாளியின் பதிவேட்டில் வைத்து அவர் சிகிச்சைக்கே பயன்படுத்துவது. இரண்டாவது, மருத்துவ மாணவர்களுக்கும் மற்ற டாக்டர்களுக்கும் காட்டுவது. மூன்றாவது, மருத்துவ இதழிலோ மாநாட்டிலோ வெளியிடுவது. நான்காவது, விளம்பரத்துக்கும் முகநூலுக்கும். முதலாவதற்குச் சம்மதித்தவர் நான்காவதற்கும் சம்மதித்துவிட்டார் என்று எந்த நியாயத்திலும் சொல்ல முடியாது. ஆனால் சில படிவங்களில் எல்லாம் ஒரே வரியில் இருக்கும், கீழே ஒரே கையெழுத்து.

அந்தப் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அறுவை சிகிச்சை நாளன்று காலையில், வெறும் வயிற்றோடு, பச்சை அங்கி மாட்டிய பிறகு நீட்டப்பட்டால் யார்தான் படிப்பார்? தோட்டத்திலிருந்து வந்த மூத்தவர்கள் பலர் ‘இங்கே சைன்’ என்று விரல் காட்டிய இடத்தில் போட்டுவிடுகிறார்கள். ‘கெபெனாரான்’ என்றால் அனுமதி, ‘கம்பார்’ என்றால் படம், ‘பெங்காஜாரான்’ என்றால் கற்பித்தல், ‘பெனர்பித்தான்’ என்றால் வெளியீடு, ‘தாரிக் பாலிக்’ என்றால் திரும்பப் பெறுதல். இந்தச் சொற்கள் கண்ணில் பட்டால் அந்த வரியை மட்டுமாவது நிறுத்திக் கேட்கலாம். சிகிச்சைக்குச் சரி, விளம்பரத்துக்கு வேண்டாம் என்று சொல்லி, வேண்டாத வரியை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, ஒரு நகலும் கேட்டு வாங்கலாம். விளம்பரத்துக்கு மறுத்தார் என்பதற்காகச் சிகிச்சையைக் குறைப்பது மருத்துவ நெறி ஆகாது.

கண்ணில் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டால் ஆள் தெரியாது என்ற நம்பிக்கை பழையது, தவறானது. கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் அனைத்துலகக் குழுவின் விதிகளே சொல்கின்றன. பச்சை குத்தியது, மச்சம், தாலிக்கொடி, பிறவித் தழும்பு, இவற்றில் ஒன்று போதும், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஒரு தாமானில், புலனக் குழு ஒன்றில் போன படம் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும்.

குழந்தை என்றால் பெற்றோர்தான் ஒப்புதல் தர வேண்டும். இந்நாட்டில் 18 வயதுவரை ஒருவர் சட்டப்படி சிறுவர். பிளந்த உதட்டோடு பிறந்த பிள்ளையின் படத்தை நிதி திரட்டும் அறிக்கையில் போட அப்பா அம்மா நன்றி உணர்வில் சம்மதிக்கலாம். பதினைந்து வயதில் அந்தப் படம் வகுப்பு நண்பர்களின் கைபேசியில் வந்தால் சங்கடப்படப் போவது பிள்ளை.

சட்டம் எங்கே எட்டும், எங்கே எட்டாது

2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 709, 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. உடல்நலம் பற்றிய தகவலை அது ‘நுண்ணிய’ தரவு என்கிறது. அதைக் கையாள வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். தம்மைப் பற்றிய தரவின் நகலையும் கேட்கலாம், 21 நாளில் பதில் தர வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட பிறகு, விதிமுறைகளை மீறினால் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை என உயர்ந்திருக்கிறது. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.

இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பணம் கட்டிப் போகும் தனியார் கிளினிக்குக்கும், துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உள்ள அழகு நிலையத்துக்கும் பொருந்தும். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் பொருந்தாது. மற்றொன்று, சிகிச்சைக்காக மருத்துவத் துறையினர் தகவலைக் கையாளும்போது வெளிப்படையான ஒப்புதல் தேவையில்லை என்ற விலக்கும் இதில் இருக்கிறது. பினாங்குத் தீர்ப்பின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது தரவுச் சட்டத்தை நம்பி நிற்கவில்லை, மனிதரின் அந்தரங்கத்தை வைத்துப் பேசியது. அதோடு மலேசிய மருத்துவ மன்றத்தின் இரகசியக் காப்பு நெறிகள், அரசாங்க டாக்டர் தனியார் டாக்டர் என்ற பேதமில்லாமல் பதிவு பெற்ற எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

விளம்பரத்துக்கு வேறொரு சட்டம் உண்டு. மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 1956-இன் கீழ், மருத்துவச் சேவை விளம்பரங்கள் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். அனுமதி பெற்ற விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் எண் இருக்கும். ‘முன்பு–பின்பு’ படம் போட்டு ஆள் பிடிக்கும் பக்கத்தில் அந்த எண் இல்லையென்றால் அங்கே முகத்தைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர் எல்.சி.பி. எனப்படும் சுகாதார அமைச்சின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அழகு நிலையத்தில் ஊசி போடுவது சட்டவிரோதம்.

கேட்டு எடுத்த படமும் பத்திரமாக இருக்க வேண்டும். 2017-இல் லிதுவேனியா நாட்டில் ஓர் அழகு சிகிச்சை மருத்துவமனையின் கணினியில் ஊடுருவியவர்கள், நிர்வாணப் படங்கள் உட்பட 25,000-க்கும் மேற்பட்ட படங்களை இணையத்தில் கொட்டினார்கள். பணம் கேட்டு நோயாளிகளையும் மிரட்டினார்கள். இங்கே அந்த அளவு ஊடுருவல் தேவையில்லை. டாக்டரின் சொந்தக் கைபேசியில் எடுத்த படம் தானாகவே கூகல் கணக்கில் ஏறி, வீட்டில் பிள்ளைகள் விளையாடும் டேப்லட்டில் தெரிந்தால் போதும். ‘எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள், டாக்டர்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எதற்கும் படம் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. வேலையிடத்தில் கை நசுங்கியவர் சொக்சோவில் இழப்பீடு கேட்கும்போதும், வீட்டில் அடிபட்ட பெண் போலீசில் புகார் செய்யும்போதும், காயத்தை அன்றே எடுத்த படம் பெரிய ஆதாரம். தனியார் மருத்துவமனையில் பதிவேடு மருத்துவமனையின் உடைமை என்றாலும் நோயாளி நகல் கேட்கலாம்.

கேட்காமல் எடுத்தது தெரிந்தால் முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் நோயாளிகளின் குறைகளை விசாரிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் 586. அரசாங்க மருத்துவமனை என்றால் சுகாதார அமைச்சின் சிஸ்பா முறையில் இணையம் வழி புகார் செய்யலாம். டாக்டரின் நடத்தை பற்றி மலேசிய மருத்துவ மன்றத்துக்கும், தனியார் கிளினிக் தரவை வெளியிட்டால் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும் எழுதலாம். படம் இணையத்தில் வந்துவிட்டால் திரைப்பிடிப்பும் இணைய முகவரியும் தேதியும் எடுத்துவைத்த பிறகே நீக்கச் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் கோலாலம்பூர் வழக்கறிஞர் மன்ற சட்ட உதவி மையத்தை அணுகலாம். வழக்குக்குக் கால வரம்பு இருக்கிறது: தனியார் தரப்பு என்றால் பொதுவாக 6 ஆண்டு, அரசாங்க மருத்துவமனை என்றால் 36 மாதம்தான்.