ஜெர்மனியில் படிக்கிறீங்களா? ஐரோப்பா டூர், ஊர் பயணம்... கிளம்பும் முன் இந்தத் தேதிகளைப் பாருங்க!

ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போகும் மாணவர்கள் பலருக்கும் இரண்டு ஆசை இருக்கும். ஒன்று பட்டம். இன்னொன்று, படிப்பு முடிவதற்குள் ஐரோப்பாவை ஒரு ரவுண்டு பார்த்துவிட வேண்டும். இரண்டாவது ஆசை நினைப்பதைவிட சுலபம்தான். ஆனால் ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டால், லீவுக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போக முடியாமல், செமஸ்டரையே இழக்க நேரிடும். விதிகள் என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தெந்த நாட்டுக்குப் போகலாம்?

ஜெர்மனி தரும் மாணவர் விசாவோ, வசிப்பிட அனுமதி அட்டையோ செல்லுபடியாக இருந்தால் போதும். 29 நாடுகள் கொண்ட ஷெங்கன் பகுதியில் தனி விசா இல்லாமல் சுற்றலாம். ஆனால் ஜெர்மனிக்கு வெளியே இருக்கும் நாட்கள், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90-ஐத் தாண்டக் கூடாது.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்து யூனியனில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. அதனால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் டப்ளினுக்கோ லண்டனுக்கோ போக தனி விசா எடுத்தே ஆகணும்.

பாஸ்போர்ட்டையும் அட்டையையும் ரூமில் வைத்துவிட்டு, போனில் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போவது ஆபத்து. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. ஒரிஜினல் கையில் இருக்கணும்.

டிக்கெட் செலவு எவ்ளோ?

நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகக்கூடிய 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-ல் அது 58 யூரோ, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இதையே பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு 60 சதவீத விலையில், செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துத் தருகின்றன. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைகூட இதில் போகலாம். ஆனால் ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் இது செல்லாது.

பிளாக்டு அக்கவுண்ட் பணத்தில் சுத்தலாமா?

விசாவுக்காகக் காட்டும் 11,904 யூரோ, நம்ம ஊர் மதிப்பில் சுமார் 12 லட்சம் ரூபாய். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். அதைவிட முக்கியம், அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த காலத்துக்குப் பணம் இருக்கிறதா என்று மறுபடியும் கேட்பார்கள்.

எனவே டூர் பணத்தைப் பகுதிநேர வேலையில் சேர்ப்பதே நல்லது. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026-ல் மணிக்கு 13.90 யூரோ. பல்கலைக்கழகத்திலேயே பார்க்கும் மாணவ உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது.

அட்டை முடியப் போகுது, ஊருக்குப் போயிட்டு வரலாமா?

சிக்கல் இங்கேதான். அட்டை காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆனால் வெளிநாட்டவர் அலுவலகங்களில் கூட்டம் அதிகம், புது அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கும் 'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்' என்ற தற்காலிகச் சான்று தருவார்கள்.

அந்தச் சான்றில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் டிக் இருந்தால், பழைய அனுமதி தொடர்வதாக அர்த்தம். பழைய அட்டை, பாஸ்போர்ட், இந்தச் சான்று மூன்றையும் காட்டி ஜெர்மனிக்குத் திரும்பலாம். முதல் இரண்டில் எதில் டிக் இருந்தாலும் ஜெர்மனியிலேயே தங்கலாம், அவ்வளவுதான். வெளியே போனால், புது விசா இல்லாமல் உள்ளே வர முடியாது.

விண்ணப்பித்ததற்கு வந்த இமெயில் இந்தச் சான்றுக்கு ஈடாகாது. அதை மட்டும் நம்பி விமானம் ஏறினால், திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்திலேயே போர்டிங் பாஸ் மறுக்கப்படலாம்.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

முதலில் ரிட்டர்ன் தேதியையும் அட்டையின் கடைசித் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வந்த பிறகும் சில வாரங்கள் மிச்சம் இருந்தால் நிம்மதி. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி வசிப்பிட அனுமதி தர மாட்டார்கள் என்பதால், அதை பெர்லின் தூதரகத்திலோ பிராங்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களிலோ முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள். ஆராய்ச்சி, இன்டர்ன்ஷிப் என்று எந்தக் காரணத்துக்காகவும் ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்க வேண்டியிருந்தால், முன்னாடியே அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கணும். இல்லையென்றால் அட்டையில் தேதி மிச்சம் இருந்தாலும் அது தானாகவே செல்லாமல் போய்விடும்.

விமான டிக்கெட்டில் ஆஃபர் வந்தால் உடனே புக் பண்ணத் தோணும். அதற்கு முன், அட்டையை எடுத்து ஒருமுறை தேதியைப் பார்த்துவிடுங்கள்.